நெல்லையை அகச்சிவப்பில் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டவுனிலோ பாளையங்கோட்டையிலோ முக்காலியை விரித்து ஐந்து நிமிடம் நின்றால் போதும், யாராவது பக்கத்தில் வந்துவிடுவார்கள். "என்ன அண்ணாச்சி, ரோடு சர்வேயா?" என்பது முதல் கேள்வி. போட்டோ என்று சொன்னால், "கேமரா கண்ணுல கருப்புக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு என்ன போட்டோ?" என்பது இரண்டாவது. சில வருடங்களாக நின்றபடியே சொல்லிவந்த பதில்களை இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

அகச்சிவப்புப் படம் என்றால் சூட்டைப் படம் எடுப்பதா?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் உண்டு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதைத் தாண்டி 1000 வரைக்கும் உள்ள ஒளிதான் நமக்கு வேண்டியது. இதுவும் சூரியனிலிருந்து வந்து பொருள்மேல் பட்டுத் திரும்புகிற ஒளிதான், கண்ணுக்குத்தான் தெரியாது. உடம்புச் சூட்டைக் காட்டும் கருவிகள் பார்ப்பது 8000 முதல் 14000 நானோமீட்டர் வரை உள்ள வேறொரு பகுதி. அதற்குத் தனி சென்சார், தனி லென்ஸ் வேண்டும். சாதாரணக் கண்ணாடி லென்ஸ் வழியாக அந்த ஒளி வரவே வராது.

சிவப்புக்கு அப்பாலும் ஒளி இருக்கிறது என்று 1800இல் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். பட்டகத்தில் (பிரிஸம்) பிரிந்த நிறங்களுக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தபோது, சிவப்பைத் தாண்டி ஒன்றுமே தெரியாத இடத்தில் சூடு இன்னும் ஏறியது. சூடு என்ற பேச்சு இதில் ஒட்டிக்கொண்டது அப்போதிலிருந்துதான்.

மரமெல்லாம் பனி பெய்த மாதிரி ஏன் வெள்ளையாக இருக்கிறது?

இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் குடித்துவிடும். அகச்சிவப்பை அது தொடுவதில்லை, கண்ணாடி போல உள்ளே விட்டுவிடும். உள்ளே போன ஒளி இலையின் செல்களுக்கும் அவற்றுக்கு நடுவே உள்ள காற்றுக்கும் இடையில் மோதி மோதிப் பெரும்பகுதி வெளியே வந்துவிடுகிறது. அதனால் வேம்பு, வாழை, நெல், பனையின் பச்சை ஓலை எல்லாமே பளிச்சென்று வெளுக்கின்றன. 1910இல் இப்படிப்பட்ட படங்களை முதலில் வெளியிட்டவர் ராபர்ட் வுட். 'வுட் எஃபெக்ட்' என்ற பெயர் அவரால் வந்தது. மரத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை.

காய்ந்த ஓலை இவ்வளவு வெளுக்காது. பச்சைப் பெயின்ட் அடித்த கதவு பெரும்பாலும் இலை மாதிரி ஒளிராது. செயற்கைக்கோள் பயிரைக் கண்டுகொள்வதும் இதே வேறுபாட்டை வைத்துத்தான். 1988இல் ஏவப்பட்ட நம் நாட்டின் ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளின் கேமராக்களில் ஒரு அலைவரிசை இதற்காகவே இருந்தது. மழைக்காலத்துப் பிசானப் பருவ நெற்பயிரை வரப்பில் நின்று நாம் எடுப்பதைத்தான் அது மேலிருந்து எடுத்தது.

திருநெல்வேலியில் படம் எடுக்க என்ன 'ஸ்கைலைன்' இருக்கிறது? சென்னை, மும்பை மாதிரி உயரக் கட்டடங்கள் இல்லையே?

நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். என் பதில்: நம் ஊரில் வானத்தின்மேல் கோடு போடுபவை கட்டடங்கள் இல்லை. ஒரு கோபுரம், ஒரு ஊசிக்கோபுரம், வரிசையாகப் பனைத் தலைகள், பின்னால் பொதிகை மலை. அவ்வளவுதான். ஆனால் பகலில் பாதி நாள் அந்தக் கடைசி வரி தெரிவதில்லை. வெயில் ஏறியதும் மேற்கே ஒரு நீலப் புகைமூட்டம் படிந்து மலையை விழுங்கிவிடும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட மழைக்கு மறுநாள் காலையில்தான் "மலை இவ்வளவு கிட்டத்திலயா இருக்கு?" என்று கேட்பார்கள்.

அகச்சிவப்பு அந்த மூட்டத்தை விலக்கிவிடும். காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது அலைநீளத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில். 450 நானோமீட்டர் நீலம் சிதறுவதோடு ஒப்பிட்டால் 720 நானோமீட்டர் அகச்சிவப்பில் சிதறல் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் வானம் கருக்கும், தூரத்து மலையின் மடிப்புகள் வெளியே வரும். உச்சி வெயிலில், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத மேற்குத் திசையைப் படம் எடுத்து, திரையில் மலைவரிசை வருவதைப் பார்க்கும் அந்தக் கணத்துக்காகத்தான் நான் இந்த வேலையையே செய்கிறேன். வெள்ளை மரம் எல்லாம் அப்புறம்தான். ஒரு எச்சரிக்கை: இது மெல்லிய மூட்டத்துக்குத்தான் பலிக்கும். மார்கழிக் காலை மூடுபனியும் குற்றாலத்துச் சாரலும் பெரிய நீர்த்துளிகள். அவற்றை அகச்சிவப்பும் தாண்டாது.

எங்கே நின்று எடுக்கலாம்?

நெல்லையப்பர் கோயிலுக்கு நயினார்குளம் கரை. குளத்தில் தண்ணீர் இருந்தால் அது கரியாகப் படியும், ஏனென்றால் தண்ணீர் அகச்சிவப்பை உறிஞ்சிவிடும், மேலே வானமும் கருப்பு. நடுவில் வெளுத்த மரங்களும் கோபுரமும் மட்டும் நிற்கும். கோபுரத்தை நெருக்கத்தில் எடுப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரணப் படத்தில் நிழலுக்குள் வானத்து நீல ஒளி விழுந்து அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். அகச்சிவப்பில் வானம் இருட்டு, ஆகவே நிழலும் இருட்டு. ஒவ்வொரு சுதைச் சிற்பமும் தன் நிழலோடு தனியாகப் பிதுங்கி நிற்கும். பல வண்ணம் அடித்த கோபுரங்களுக்கு இது இன்னும் நல்லது. பெயின்ட் நிறங்களில் பல ஏறக்குறைய ஒரே வெளிறலாகிவிடுவதால் வண்ணம் பூசுவதற்கு முன்னால் எப்படி இருந்திருக்குமோ அப்படித் தெரியும். சிலருக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம், 1826இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் கட்டிய தேவாலயம். இங்கே எல்லோரும் ஒரு தப்புச் செய்வார்கள், நானும் செய்தேன். கோபுரம் வெள்ளை, சுற்றியுள்ள மரங்கள் பச்சை என்ற நினைப்பில் மரங்களுக்கு நடுவில் கோபுரம் வருமாறு கட்டம் போட்டேன். படத்தில் மரமும் வெள்ளை, கோபுரமும் வெள்ளை, கோபுரத்தைத் தேட வேண்டியிருந்தது. கிட்டப் போய்த் தாழ உட்காருங்கள். கோபுர நுனி முழுக்க வானத்தின்மேல் வரட்டும். அப்போது கருத்த வானத்தில் ஊசி குத்தின மாதிரி நிற்கும்.

சுலோச்சனா முதலியார் பாலம் 1843இல் திறந்தது. தாமிரபரணியின்மேல் அதன் வளைவுகளை எடுக்கக் கொக்கிரகுளம் பக்கத்துக் கரை வசதி. ஓடும் தண்ணீர் கரும்பளிங்காக, பாறையில் உடையும் நுரை மட்டும் வெள்ளையாக வரும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தை, 1973இல் திறந்ததை, வெறும் கான்கிரீட் என்று ஒதுக்காதீர்கள். கீழடுக்கின் இருட்டும் மேலடுக்கின் வெளிச்சமும் இரண்டு பட்டைகளாகப் பிரியும். பத்து விநாடி திறந்து வைத்தால் நகர்கிற பஸ்ஸும் ஆட்டோவும் கரைந்து, பாலம் ஏதோ ஹர்த்தால் நாள் மாதிரி காலியாகக் கிடக்கும்.

ஊருக்கு வெளியே போனால் பணகுடி, காவல்கிணறு காற்றாலைகள். வெள்ளைக் கம்பம், கருத்த வானம், அடியில் வெளுத்த பனை. இறக்கை சுற்றுவதை நிறுத்திப் பிடிக்க நினைக்காதீர்கள், தேய்ந்து போனால்தான் அழகு. சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் செம்மண் சிவப்பு மொத்தமும் போய் வெளிறிய மணலாகிவிடும். நாலைந்து முறை போயும் தேரியின் அழகை அகச்சிவப்பில் என்னால் பிடிக்க முடியவில்லை. அதன் அழகே அந்தச் சிவப்புதான் போலிருக்கிறது.

எந்த மாதம், எந்த நேரம்?

மற்ற புகைப்படக்காரர்கள் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு நிழலுக்குப் போகும் நேரம்தான் நமக்கு வேலை நேரம், காலை பத்து முதல் மூன்று மணிவரை. திருநெல்வேலி வெயிலைத் திட்டாமல் அனுபவிக்கிற ஒரே கூட்டம் நாங்கள்.

மாதம் என்றால் மார்கழி, தை. வடகிழக்குப் பருவமழை வானத்தைக் கழுவிவிட்டுப் போயிருக்கும், பிசானப் பயிர் பச்சையாக நிற்கும், குளங்கள் நிரம்பியிருக்கும். ஆனி, ஆடியில் மேகம் அருமையாக வரும். மலை தாண்டி வருகிற வெள்ளை மேகங்கள் கருப்பு வானத்தில் செதுக்கினாற்போல இருக்கும். ஆனால் காற்று! நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேமராவில் மரமெல்லாம் பஞ்சு மிட்டாய் ஆகிவிடும், முக்காலியில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடாவிட்டால் முக்காலியே ஆடும். சித்திரையில் வயல் காய்ந்து கிடக்கும், சென்சாரும் சூடேறிப் புள்ளி புள்ளியாகத் துப்பும். அந்த மாதம் ஓய்வு.

என்னிடம் உள்ள கேமரா போதுமா?

டிவி ரிமோட்டைக் கேமராவைப் பார்த்துப் பிடித்து ஒரு பட்டனை அமுக்குங்கள். ரிமோட்டின் நுனி கேமராத் திரையில் மின்னினால் கொஞ்சம் அகச்சிவப்பு உள்ளே போகிறது என்று பொருள். எவ்வளவு பளிச்சென்று மின்னுகிறதோ அவ்வளவு நல்லது.

சென்சார் எல்லாமே அகச்சிவப்பைப் பார்க்கும். அதைத் தடுக்க, சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடியை வைத்துத்தான் நிறுவனங்கள் விற்கின்றன. இல்லாவிட்டால் நிறங்கள் கெட்டுவிடும். 2006இல் வந்த லைகா எம்8இல் இந்தக் கண்ணாடி மெல்லிதாகப் போய், கருப்புத் துணிகள் ஊதாவாகத் தெரிந்தன. வாங்கியவர்களுக்கு லைகா நிறுவனமே அகச்சிவப்பைத் தடுக்கும் தனி ஃபில்டர் கொடுக்க வேண்டி வந்தது. அவர்களுக்குக் குறையாக இருந்தது நமக்கு வரம். நிக்கான் டி70 போன்ற பழைய கேமராக்களிலும் தடுப்பு பலவீனம்தான். அலமாரியில் தூசி படிந்து கிடந்தால் வெளியே எடுங்கள். புதுக் கேமராவிலும் முடியும், ஆனால் ஒரு படத்துக்கு அரை நிமிடம் பொறுமை வேண்டும்.

செல்ஃபோனில்?

பின்பக்கக் கேமராக்களில் தடுப்பு பலமாக இருக்கும். அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் கருப்பு ஃபில்டரை முன்னால் பிடித்து எடுத்தால் சிவப்பாகக் கலங்கிய படம் ஒன்று வரும். பொழுதுபோக்குக்குச் சரி.

எந்த ஃபில்டர் வாங்க வேண்டும்? 590, 720, 850 என்று எண்கள் இருக்கின்றனவே?

அந்த எண்ணுக்குக் கீழே உள்ள அலைநீளங்களை ஃபில்டர் தடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 590 கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கொஞ்சம் விடும், இலைகள் பொன் மஞ்சளாக வரும்படி நிறம் மாற்றலாம். 850இல் நிறமே இருக்காது, சுத்தக் கருப்பு வெள்ளை, வானம் மை போல. முதலில் வாங்குகிறவர் 720 வாங்குங்கள். ஹோயா ஆர்72 பல காலமாகப் பெயர் பெற்றது. உங்களிடம் இருப்பதிலேயே பெரிய லென்ஸின் அளவுக்கு ஒன்று வாங்கிச் சின்ன லென்ஸ்களுக்கு வளையம் போட்டுக்கொள்ளலாம். உள்ளே உள்ள தடுப்புக் கண்ணாடியை மாற்றாத கேமராவுக்கு 850 வேண்டவே வேண்டாம், ஒளி போதாது.

ஃபில்டரைப் போட்டால் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியவில்லையே. எப்படி ஃபோகஸ் செய்வது?

முதலில் ஃபில்டர் இல்லாமல் கட்டம் போட்டு முக்காலியைப் பூட்டுங்கள். அப்புறம் ஃபில்டரை மாட்டி லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையில், பாருங்கள், உச்சி வெயிலில் மங்கலாகவாவது தெரியும். அகச்சிவப்பு சேருமிடம் சாதாரண ஒளி சேருமிடத்திலிருந்து சற்று விலகியிருக்கும். பழைய லென்ஸ்களில் இதற்கென்றே சிவப்புப் புள்ளியோ கோடோ போட்டிருப்பார்கள். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து ஆட்டோஃபோகஸை நம்பினால், பீப் என்று சத்தம் கொடுத்துவிட்டு நமக்கு அல்வா கொடுத்துவிடும். மிரர்லெஸ் கேமராக்கள் சென்சாரிலேயே பார்த்து ஃபோகஸ் செய்வதால் பெரும்பாலும் பிழை வராது.

மாற்றாத கேமராவில் நான் தொடங்குவது லென்ஸ் துளை எஃப்/8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400, திறந்து வைப்பது நாலு விநாடி. திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஏற்றி இறக்குவேன். எஃப்/11க்கு மேல் போகாதீர்கள், அகச்சிவப்பில் படம் சீக்கிரமே மழுங்கும். கண்டிப்பாக, சென்சார் பார்த்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுக்க வேண்டும்.

கேமராவை நிரந்தரமாக மாற்றிக்கொள்வது நல்லதா?

வருடத்தில் பத்துப் படம் எடுப்பவருக்குத் தேவையில்லை. அடிக்கடி எடுப்பவருக்கு அதைப் போல வசதி வேறில்லை. தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு அகச்சிவப்புக் கண்ணாடியை உள்ளேயே வைத்துவிட்டால், கையில் பிடித்தபடி 1/250 விநாடியில் எடுக்கலாம். ஆனித் தேரோட்டத்தைக்கூட எடுக்கலாம். வெறும் கண்ணாடி வைத்து முழு நிறமாலைக் கேமராவாக்கிக்கொண்டு வெளியே வேண்டிய ஃபில்டரை மாட்டுவது இன்னொரு வழி. இரண்டில் எது என்று கேட்டால் முதலாவது. பத்து ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் நிற்பது என்னால் ஆகாது.

நான் முதலில் கொடுத்தது பக்கத்து நகரத்தில் ஒரு ரிப்பேர் கடையில். திரும்பி வந்த கேமராவில் சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தலைமுடி. எல்லாப் படத்திலும் வானத்தில் வளைந்த கோடு. வைத்த கண்ணாடியின் தடிமன் சரியில்லாததால் ஃபோகஸும் போயிற்று. ஆகவே யாரிடம் கொடுப்பதானாலும், அவர்கள் ஏற்கெனவே மாற்றிக் கொடுத்த கேமராவில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாமே திறக்கலாமா என்றால், ஃப்ளாஷ் உள்ள கேமராவில் பேட்டரியைக் கழற்றின பிறகும் கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட் அளவுக்கு மின்சாரம் நிற்கும். தெரியாத கை படக்கூடாது.

படம் முழுக்கச் சிவப்பாக இருக்கிறது. எங்கே தப்பு?

தப்பில்லை, அப்படித்தான் வரும். வெயில் படும் புல்லையோ இலையையோ திரை நிறையக் காட்டி ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்வதை) கேமராவிலேயே அமையுங்கள், பாதிச் சிவப்பு அங்கேயே போய்விடும். கணினியில் சில மென்பொருள்கள் நிற வெப்பநிலையை 2000 கெல்வினுக்குக் கீழே இறக்காததால் சிவப்பு மிச்சம் நிற்கும். அப்போது கேமரா நிறுவனம் தரும் மென்பொருளில் திறந்து பார்க்கலாம்.

அடுத்தது நீல வானம் வரவழைக்கும் வித்தை. நிறங்களை இடம் மாற்றும் சேனல் மிக்ஸரில் சிவப்புக்குள் சிவப்பு 0, நீலம் 100. நீலத்துக்குள் நீலம் 0, சிவப்பு 100. பழுப்பாக இருந்த வானம் நீலமாகிவிடும், மரங்கள் வெள்ளையாகவே இருக்கும். கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும், காசு கொடுத்து வாங்க வேண்டாம். கோபுரத்துக்கும் பழைய பாலத்துக்கும் நான் இதைச் செய்வதில்லை, கருப்பு வெள்ளையாகவே விட்டுவிடுவேன். கல்லுக்கு எதற்கு நீல வானம்?

நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் வருகிறதே?

லென்ஸின் உட்பூச்சு அகச்சிவப்பை எதிரொளிப்பதால் வருவது. சில லென்ஸ்களுக்கு அது பிறவிக் குணம். துளையைப் பெரிதாக்கினால் குறையும், இல்லாவிட்டால் லென்ஸை மாற்றுங்கள். கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் பழைய கிட் லென்ஸ்கள் சில, விலையுயர்ந்தவற்றைவிட ஒழுங்காக நடந்துகொள்ளும்.

ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஊரை எடுக்கலாமா?

முன்பு முடிந்தது. குண்டு பல்பு அகச்சிவப்பை வாரி இறைக்கும், மஞ்சள் சோடியம் விளக்கும் 819 நானோமீட்டரை ஒட்டி நன்றாகவே ஒளிரும். வெள்ளை எல்இடியில் அது கிட்டத்தட்ட இல்லை. தெருவெல்லாம் எல்இடி ஆகிவிட்டதால், பளபளவென்று இருக்கும் கடைவீதி அகச்சிவப்பில் அமாவாசை. அங்கங்கே ஒரு டீக்கடையின் பழைய பல்பு மட்டும் சூரியன் மாதிரி எரியும்.

ஃபிலிமில் எடுக்க முடியுமா?

இல்ஃபோர்ட் எஸ்எஃப்எக்ஸ் 200, ரோலை இன்ஃப்ராரெட் 400 இரண்டையும் பயன்படுத்தலாம். வெளிச்சத்தைச் சுற்றி ஒளிவட்டம் வரவழைத்த கோடாக் எச்ஐஇ 2007உடன் நின்றுவிட்டது.

அனுமதி ஏதாவது வேண்டுமா?

கோயில்களுக்குள் செல்ஃபோனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கேமராவை எடுத்துக்கொண்டு போவதானால் கோயில் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். கோபுரத்துக்கு வெளிவீதியே போதும். ரயில் நிலையத்துக்குள் முக்காலி விரிக்காதீர்கள். முண்டந்துறைப் பக்கம் வனத்துறையைக் கேட்க வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையத்தையும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்தையும் நோக்கிக் கேமராவைத் திருப்பவே வேண்டாம். கருப்பு ஃபில்டர் மாட்டிய கேமராவோடு அங்கே நின்று 'மலையைத்தான் எடுக்கிறேன்' என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இதில் எடுத்தால் துணிக்குள் தெரியுமாமே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். எக்ஸ்ரே இல்லை இது. மிக மெல்லிய சில துணிகளில் அகச்சிவப்பு கொஞ்சம் ஊடுருவும் என்பது உண்மை, ஆகவே மனிதர்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் நான் எடுப்பதில்லை. எடுத்தாலும் யாரும் மகிழ மாட்டார்கள். தோல் மெழுகு பொம்மை போல வெளுத்து, நரம்பு தெரிந்து, கருப்புச் சட்டை சாம்பலாகியிருக்கும். என் அம்மாவை ஒருமுறை எடுத்துக் காட்டினேன். "போய்ச் சேர்ந்தவ மாதிரி இருக்கேன், அழிச்சிரு" என்றாள்.

பாலத்திலிருந்து நீங்கள் எடுத்த படத்தில் ஆற்றில் பனிக்கட்டி மிதக்கிற மாதிரி இருக்கிறதே, அது என்ன?

ஆகாயத்தாமரை. கண்ணால் பார்க்கும்போது பச்சை ஆற்றங்கரையோடு பச்சையாகக் கலந்து கிடக்கும், கண் அதைப் பழகிக்கொண்டு விட்டுவிடும். அகச்சிவப்பில் தண்ணீர் கருப்பு, செடி சுத்த வெள்ளை. எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே செடி தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். அதனால் பாலத்தில் ஒரே இடத்தில் நின்று, ஒரே லென்ஸில், தை மாதத்தில் ஒரு படம் என்று வருடாவருடம் எடுத்து வைக்கிறேன். பாலத்துக் கைப்பிடியில் முக்காலிக் கால் வைக்கும் இடத்துக்குச் சாக்பீஸால் அடையாளம் போட்டிருந்தேன். மழையில் அழிந்துவிட்டது, இப்போது அங்கே உள்ள ஒரு கீறலை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.